குழாயைக் கழற்றச் சொன்ன மகனுக்கு

தம்பி,

இதை நான் உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். நீ உன் குரல் பதிவைத் தனியாக அனுப்பியிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். நீ அதைக் குடும்பக் குரூப்பில் போட்டாய். உன் அப்பாவின் தங்கை ஜெயா அத்தை கேட்டாள், மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆகவே என் பதிலும் அதே இடத்தில்தான் வரும். போன் பண்ணிப் பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், கடைசியில் நானே உனக்கு ஆறுதல் சொல்லி போனை வைப்பேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. இன்றைக்கு எனக்குச் சமாதானம் வேண்டாம். எனக்குக் கோபம் வருகிறது, அது கோபமாகவே உன்னிடம் வந்து சேர வேண்டும். கிள்ளானில் ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே உன் அப்பா படுத்திருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன், பொறு.

காலையில் நான் அவருக்கு மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது உன் குரல் வந்தது. ஒரு கையில் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்திருந்தேன், இன்னொரு கையில் சத்து மாவு கலக்கிய பால் கோப்பை. மகன் பேசியிருக்கிறானே என்ற ஆசையில் முழங்கை முட்டியால் போனை அழுத்தினேன். ஸ்பீக்கரில் சத்தமாக ஓடியது. நீ என்ன சொன்னாய் என்பதை இங்கே திரும்ப எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். "மா, ஒரு ஐடியா லா. ரிசெப்ஷன் அன்னிக்கி மட்டும் கொஞ்ச நேரம் அப்பா மூக்குல இருக்கிற டியூப்ப கழட்டிட முடியுமா? மிஸ்ஸிகிட்ட கேட்டுப் பாருங்க. போட்டோல அது ஒரு மாதிரி இருக்கும் மா. காயத்ரி வீட்டு ஆளுங்கள்லாம் வருவாங்க. முடியலன்னா பரவால்ல, அப்பா மேல ரூம்லயே ரெஸ்ட் எடுக்கட்டும், லைவ்ல போட்டு விடறேன், பாத்துக்கலாம்." நல்ல மரியாதையாகத்தான் பேசியிருந்தாய். உன் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டு முடித்திருப்பேன்.

உன் அப்பாவுக்குப் பேச்சு போனதே தவிர காது போகவில்லை. பக்கவாதம் வந்தபோது டாக்டர் அதை உன்னிடமும்தான் சொன்னார். வலது கை, வலது கால், பேச்சு, முழுங்குவது, இவ்வளவும் போயிற்று. புத்தி அப்படியே இருக்கிறது. முழுவதையும் கேட்டார். கடைசிச் சொட்டு வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழாயை மூடி, சிரிஞ்சைக் கழுவ உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழாய் அவர் மடியில் சுருண்டு கிடக்கிறது. மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பிய்த்து மடித்து வைத்திருக்கிறார். வராத வலது கையை இடது கையால் எடுத்துத் தொடைமேல் சரியாக வைத்துக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னங்க இது? ஏங்க பிடுங்குனீங்க?" என்று கத்தினேன். வாயைக் கோணிக்கோணி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "போட்டோ."

அந்த வார்த்தையை வெளியே கொண்டுவர அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? என் பெயரை அவர் இன்னும் முழுசாகச் சொன்னதில்லை. உனக்காக அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

இப்போது நீ அவசர அவசரமாக "நான் அந்த அர்த்தத்துல சொல்லல மா" என்று எழுதத் தொடங்கியிருப்பாய். எழுதாதே. முதலில் படி. அந்தக் குழாயை ஏதோ மூக்குக் கண்ணாடி மாதிரி, கழற்றி வைத்து மறுபடி போட்டுக்கொள்ளும் சாமான் என்று நினைத்திருக்கிறாய். அது மூக்கில் நுழைந்து, தொண்டை வழியாக இறங்கி, இரைப்பை வரை போகிறது. போடும்போது ஒவ்வொரு தடவையும் உன் அப்பா குமட்டுவார், கண்ணில் தண்ணீர் கொட்டும், இடது கையால் என் சேலையைக் கசக்கிப் பிடித்துக்கொள்வார். வயிற்றில்தான் இருக்கிறதா, நுரையீரலுக்குள் போய்விட்டதா என்று நர்ஸ் மிஸ்ஸி கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, ஒரு தாளில் தொட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். இரைப்பையில் புளிப்பு இருக்கும், தாள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் பாலே. நானும் ஒவ்வொரு வேளையும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வரும்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய்.

ஒரு தடவை மட்டும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன். நீ செந்தூலிலிருந்து ஆசையாக வந்திருந்தாய். உன்னை நம்பி அப்பாவை விட்டுவிட்டு நான் பாசாருக்கு மீன் வாங்கப் போனேன். நீ போய் அவர் வழக்கமாகச் சாப்பிட்ட பழைய கடையில் ரொட்டி பஞ்சிர் வாங்கி வந்தாய். ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டு மேலே பருப்புக் கறியை வெள்ளமாக ஊற்றித் தருவார்களே, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுவதும் உன் அப்பாவுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடும் முன்பு ஒரு வாய் உனக்கும் ஊட்டுவார், அது உன் சட்டையில் சொட்டும், அதைத் துவைக்க முடியாமல் நான் இருவரையும் திட்டுவேன். அதையெல்லாம் நினைத்துத்தான் நீ வாங்கி வந்தாய், எனக்குத் தெரியும். நான் திரும்பி வந்தபோது பாதி காலியாகியிருந்தது. நான் கையைப் பிடித்துத் தடுத்ததும் நீ சொன்னாய்: "நல்லா ஊறிப் போச்சு மா. வெண்ண மாதிரி இருக்கு. அப்பா இருமவே இல்ல. பாருங்க, கண்ணெல்லாம் கலங்கிட்டாரு." அதையும் படம் பிடித்திருந்தாய். குரூப்பில் போட்டாய். 'இத்தனை மாசத்துக்கு அப்புறம் அப்பா சாப்பிட்ட முதல் வாய், கண் கலங்கிட்டாரு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயம். ஜெயா அத்தை அதைப் பார்த்து அழுதாளாம்.

தம்பி, அது அழுகை இல்லை. அவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்.

இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அதற்கப்புறம் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, நுரையீரலில் நிமோனியா என்று இதே ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் சொல்லவில்லை. 'மழைக் காலம், சளி பிடித்துவிட்டது' என்றுதான் குரூப்பில் போட்டேன். நீ மனசு உடைந்துபோவாய் என்று நினைத்தேன். அது என் தப்பு. அன்றைக்கு உன் மனசு உடைந்திருந்தால் இன்றைக்கு அவர் இங்கே படுத்திருக்கமாட்டார். அன்றைக்கு முழுங்கும் பயிற்சி சொல்லித் தரும் தெரபிஸ்ட் பெண் அந்த வீடியோவை என் போனில் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஆன்டி, அங்கிள் இருமலன்னா சேஃப்னு அர்த்தம் இல்ல. இருமுற உணர்ச்சியே அவருக்குக் கொறஞ்சு போச்சு. உள்ள போறதே அவருக்குத் தெரியாது. இது இன்னும் மோசம்" என்றாள். ஊறின ரொட்டி, ஓடுகிற கறி, இரண்டும் சேர்ந்த மாதிரி ஆபத்தான சாப்பாடு வேறு இல்லையாம். ரொட்டியை மெல்வதற்குள் கறி முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். நம் வீட்டில் எல்லாரும் அதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியாதவர்களுக்குத் தண்ணியாகக் கொடு, தண்ணிதானே, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்று. ஜெயா அத்தை பார்லித் தண்ணீரோடு வந்து நின்றாள். "கஞ்சித் தண்ணி கூடவா குடுக்கக் கூடாது? அநியாயமா இருக்கே அண்ணி" என்று என்னிடம் சண்டை போட்டாள். தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும். தளர்ந்துபோன தொண்டை அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நான் கொடுக்கமாட்டேன் என்றதும் அவள் போய் ஊரெல்லாம் சொன்னாள், அண்ணனைப் பட்டினி போட்டு மூக்கில் பால் ஊத்தி வைத்திருக்கிறாள் என்று. அவள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீயும் ஒரு தடவை என்னிடம், "அப்பாவுக்கு ஒரு டேஸ்ட்டும் இல்லாம, இது என்ன வாழ்க்கை மா?" என்று கேட்டாயே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

என்ன வாழ்க்கை என்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். பள்ளிக் கேண்டீனில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு மீகூன் சேமியா கிளறிப் போட்டவள் நான். வயிறு நிறைந்தால் சாப்பாடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வயிறு வெறும் வாசல்தான் என்று இந்த வயசில் டயட்டிஷியன் பெண் எனக்குப் படம் போட்டுக் காட்டினாள். சோறோ ரொட்டியோ பாலோ, எதைப் போட்டாலும் உடம்பு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. வாயில் எச்சில் ஆரம்பித்து வைக்கும், இரைப்பை புளிக்க வைத்துக் கரைக்கும், சிறுகுடல் அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கும். சோறு சர்க்கரையாகும், பருப்பும் மீனும் உடைந்து தசை கட்டுகிற சாமானாகும், எண்ணெய் கொழுப்பாகக் கரையும். பிறகு குடலின் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறி, ஈரலில் கொஞ்சம் சேமித்து வைத்து, மீதி உடம்பெல்லாம் போகும். அங்கே ஒவ்வொரு உயிரணுவும் அந்தச் சர்க்கரையை நாம் இழுத்த மூச்சோடு சேர்த்து எரிக்கும். அந்தச் சூட்டில்தான் உன் அப்பாவின் இடது கை என் சேலையைப் பிடிக்கிறது, கண் உன்னைத் தேடுகிறது. சாப்பாடும் மூச்சும் சந்திக்க வேண்டிய இடம் அதுதான். தொண்டையில் சந்தித்தால் நிமோனியா. நீ ஆசையாக ஊட்டினாயே, அந்த வாய் அவர் உடம்பில் ஒரு உயிரணுவுக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. நீ மூஞ்சியைச் சுளிக்கிறாயே, அந்த வெள்ளைப் பால், அதில் ஒவ்வொரு சொட்டும் போய்ச் சேருகிறது. குடலுக்கு அது வாய் வழியாக வந்ததா மூக்கு வழியாக வந்ததா என்ற கவலை இல்லை. உனக்கும் ஜெயா அத்தைக்கும்தான் அந்தக் கவலை.

நீ டேஸ்ட் டேஸ்ட் என்கிறாய். அவர் மறுபடி வாயால் சாப்பிட வேண்டும் என்று இந்த உலகத்தில் உன்னைவிட எனக்கு ஆசை அதிகம். தினமும் குளிர்ந்த கரண்டியை அவர் நாக்கில் வைத்து, முழுங்குங்க முழுங்குங்க என்று வெறும் எச்சிலை முழுங்கப் பழக்குகிறேன். போன தடவை தெரபிஸ்ட் பெண் கையை அவர் தொண்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்டி, ஏறி இறங்குது. இப்படியே போனா கொஞ்ச நாள்ல கெட்டியா ஏதாவது ஒரு ஸ்பூன் குடுத்துப் பாக்கலாம்" என்றாள். நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உனக்கு நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தொண்டையும் தசைதான், தம்பி. உடம்புக்குச் சாப்பாடு போகாவிட்டால் முதலில் ஈரலில் இருக்கும் சர்க்கரையைத் தின்னும், அப்புறம் கொழுப்பை, கூடவே தசையையும் தின்னும். அவருக்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது? கிரேன் ஓட்டிய கை இப்போது என் மணிக்கட்டு தடிமன்தான். உடம்பு தன்னையே தின்ன ஆரம்பித்தால் அந்தத் தொண்டையையும் சேர்த்துத்தான் தின்னும். நீ கேவலம் என்று நினைக்கிற அந்தக் குழாய்தான் அவரை மறுபடி ரொட்டிக்குக் கொண்டுபோகிற வழி. அதைத்தான் அவர் உன் போட்டோவுக்காகப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தோம். மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தி, தங்கமான பெண், புதுக் குழாயோடு வந்து "பாக்சிக், சிகித் சஜா" என்று கெஞ்சினாள், கொஞ்சம்தான் என்று. இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேணாம்." பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குத் தடுமாறாமல் வருகிற வார்த்தை அது ஒன்றுதான். டாக்டர் வந்து விளக்கினார். வேணாம். நான் கோபப்பட்டேன், கெஞ்சினேன், உன் பெயரைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். மனுஷனுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போது கையைக் கட்டிவைத்துப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது சரிதான். இப்போது கையில் ட்ரிப் ஏறுகிறது. அதில் இருப்பது தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அடுப்பு அணையாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு தசையைக்கூட அது கட்டாது. எத்தனை நாளைக்கு இதில் ஓட்ட முடியும் என்று கேட்டேன். டாக்டர் மேசையில் இருந்த புதுக் குழாயைத்தான் மறுபடி காட்டினார்.

நேற்றுதான் நீயும் காயத்ரியும் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குப் போய் ரிசெப்ஷன் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு வரிசையாகப் படம் அனுப்பினீர்கள். மட்டன் பிரட்டல், ஆட்டுக்கால் சூப், ஏதோ ஒரு பானையில் புகை வருகிற ஐஸ்கிரீம். எந்த மேசைக்கு எந்த ஊறுகாய் என்றுகூட யோசித்திருக்கிறாய். யாரோ முகம் தெரியாத ஆளின் தம்பிக்கு முட்டை ஆகாது என்று தனித் தட்டு சொல்லிவைத்திருக்கிறாய், நல்லது. உன் அப்பா அந்த வேளைக்கு என்ன சாப்பிடுவார், யார் கொடுப்பார்கள், எங்கே உட்கார வைத்துக் கொடுப்பார்கள் என்று உனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. வந்த ஒரே கேள்வி அதை எப்படி மறைப்பது என்பது. மேல் ரூமில் வைத்து லைவில் காட்டுகிறாயாம். அவர் என்ன கிரிக்கெட் மேட்ச்சா பார்க்க வருகிறார்? காயத்ரி வீட்டு ஆட்களைப் பற்றிச் சொன்னாய். காயத்ரி போன வாரம் வீட்டுக்கு வந்தபோது என்ன செய்தாள் என்று அவளிடமே கேள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்ளோ உயரத்துல புடிக்கணும் அத்தை? வேகமா போனா வாந்தி வருமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கம் முழுவதும் உனக்குத்தான். அதை அவள் வீட்டார் தலையில் கட்டாதே.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். இன்றைக்கே வா. காரை எடுத்தால் இந்த நேரத்தில் பெடரல் ஹைவேயில் மாட்டிக்கொள்வாய், எல்.ஆர்.டி.யோ எதுவோ பிடித்து கே.எல். சென்ட்ரலுக்கு வந்து கொம்யூட்டர் ரயில் எடு, சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குள் வந்துவிடலாம். மைலோ டின் வேண்டாம், ஆப்பிள் வேண்டாம். வந்து அவர் முகத்துக்கு நேராக உட்கார். ஸாரி பா, ஸாரி பா என்று அழுது அவரைப் பயமுறுத்தாதே. உங்கள் பக்கத்தில் நின்றுதான் நான் கல்யாணம் பண்ணிக்கொள்வேன், குழாயோடு வாருங்கள் என்று கேள். கெஞ்சிக் கேள். அவர் தலையாட்டும்வரை கேள். அவர் என் பேச்சுக்கு மசியமாட்டார், டாக்டர் பேச்சுக்கும் மசியமாட்டார். குழாயை எடுத்தது உனக்காக. நீ சொன்னால்தான் திரும்பப் போட விடுவார்.

தலையாட்டியதும் மிஸ்ஸியைக் கூப்பிடு. குழாய் தொண்டைக்கு வரும் நேரத்தில் அவர் முழுங்க வேண்டும், அப்போதுதான் அது சரியான வழியில் இறங்கும். மிஸ்ஸி "தெலான், பாக்சிக், தெலான்" என்பாள். நீ அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லு, முழுங்குங்கப்பா என்று. ரொட்டி ஊட்டியபோது அந்த வீடியோவில் சொன்னாயே, அதே மாதிரி. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டும். இந்தத் தடவை போனை வெளியே எடுக்காதே, வாசலுக்கும் போகாதே. தாளில் நிறம் மாறுவதை நீயே பார். அப்புறம் நான் பாலைக் கலக்கித் தருகிறேன், உன் கையால் கொடு. உயரம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் காயத்ரியைக் கேள்.

ரிசெப்ஷனுக்கு உன் அப்பா மேடையில் உன் பக்கத்தில் உட்காருவார். மேசைகளுக்குச் சூப் வரும்போது அவருக்கும் சாப்பாட்டு வேளை. கோட்டு சூட்டோடு நீதான் சிரிஞ்சைப் பிடிக்கப் போகிறாய், அத்தனை பேர் முன்னாலும். இதற்கு முடியாது என்றால் இப்போதே இந்தக் குரூப்பில் எழுதிவிடு, நாங்கள் இரண்டு பேரும் வரவில்லை. முடியும் என்றால் உன் போட்டோக்காரரிடம் ஒன்று சொல்லிவை. இதுவரை குழாய் இடது மூக்கில் இருந்தது, அங்கே புண்ணாகிவிட்டதால் இந்தத் தடவை வலது மூக்கில் போடுவார்களாம். அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்.

அம்மா